விண்டோஸ் 11க்கு மாறப் போய் கணினி எழவே இல்லை, கல்யாண அட்டைகள் எல்லாம் டி டிரைவில்

அச்சகத்தம்மா · சனி, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் பக்கம் நானும் வீட்டுக்காரரும் சின்ன அச்சகம் வைத்திருக்கிறோம். கல்யாண அட்டை, காதுகுத்து, பதினாறாம் நாள் கடிதம், கோயில் ரசீதுப் புத்தகம் என்று எது வந்தாலும் செய்வோம். வடிவமைப்பு எல்லாம் ஒரே ஒரு கணினியில்தான். 2019இல் வாங்கியது. இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 480 ஜிபி எஸ்எஸ்டி. சி, டி என்று இரண்டாகப் பிரித்து விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தது என் தம்பி. அவன் இப்போது ஜோகூரில் இருக்கிறான், போனையும் எடுக்கவில்லை.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. நேற்று வந்த மருமகன், "11க்கு மாத்திருங்க அத்தை, காசு கிடையாது" என்றார். சோதித்துப் பார்க்கும் செயலியை ஓட்டினால் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்புக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்புக்கும் சிவப்புக் குறி. ஒரு காணொளியைப் பார்த்து, விண்டோஸ் வருவதற்கு முன்னால் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், சிஎஸ்எம் என்பதை அணைத்துச் சேமித்தேன். அவ்வளவுதான். அதிலிருந்து விண்டோஸ் வரவில்லை. எத்தனை தடவை போட்டாலும் நேராக பயாஸுக்குள் போய் நிற்கிறது.

தை மாத அட்டை வேலை ஆறு கையில் இருக்கிறது. பதினோரு வருடக் கோப்புகளும் டி டிரைவில். பக்கத்துக் கடைப் பையன் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறான். கை நடுங்குகிறது. யாராவது சொல்லுங்கள்.


ஃபார்மட்_ராஜா · சனி, இரவு 10:05

பையன் சொன்னது சரிதான். சுத்தமாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். அரை மணி நேர வேலை. பழசின் மேல் புதுசை ஏற்றினால் பழைய குப்பையும் சேர்ந்து வரும். பத்து வருடமாக இதே வேலை பார்க்கிறேன்.


ஜெலுத்தோங்காரன் · சனி, இரவு 10:11

அக்கா, எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள். ஒன்றும் அழியவில்லை. வாசலைத்தான் மாற்றிப் பூட்டிவிட்டீர்கள்.

மறுபடி பயாஸுக்குள் போங்கள். எங்கே அணைத்தீர்களோ அதே இடத்தில் சிஎஸ்எம்மைத் திரும்ப 'எனேபிள்டு' ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். கணினி எழுந்ததும் ஒரு வேலை. தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டித் திறந்து, 'பயாஸ் மோடு' என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'லெகசி' என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.


அச்சகத்தம்மா · சனி, இரவு 10:24

தம்பி, எழுந்துவிட்டது!! முருகா. டி டிரைவும் அப்படியே இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி 'லெகசி' என்றுதான் போட்டிருக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை, இனி சொல்லத் தேவையும் இல்லை.

இப்போது என்ன செய்வது? இப்படியே விட்டுவிடலாமா?


ஜெலுத்தோங்காரன் · சனி, இரவு 10:47

நடந்தது இதுதான். உங்கள் தம்பி விண்டோஸ் போட்டது பழைய முறையில். அந்த முறையில் வட்டின் முதல் துண்டில், வெறும் 512 பைட்டுக்குள், எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை இருக்கும். எம்பிஆர் என்பது அதுதான். நான்கு வரிக்கு மேல் அதில் இடம் கிடையாது. கணினியை எழுப்பும் புதிய முறையான யூஇஎஃப்ஐக்கு அட்டவணை ஜிபிடி வகையாக இருக்க வேண்டும், விண்டோஸை எழுப்பும் கோப்புகளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பகுதியும் வேண்டும். உங்கள் வட்டில் இரண்டும் இல்லை. சிஎஸ்எம்தான் அந்தப் பழைய வட்டைப் பழைய முறையிலேயே எழுப்பிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் பயாஸ் புதிய முறையில் தேடியது, எதுவும் கிடைக்கவில்லை, உங்களிடமே திரும்பி வந்து நின்றது.

காணொளிக்காரர் சொன்னது தப்பில்லை, வரிசைதான் தப்பு. முதலில் வட்டை ஜிபிடி ஆக்க வேண்டும், அப்புறம்தான் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். இதற்கு விண்டோஸிலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்று ஒரு கருவி இருக்கிறது. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து சேர்ந்தே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் மாற்றும். டிபிஎம்முக்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பிலேயே அது இருக்கிறது, பயாஸில் 'பிடிடி' என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் இன்று வேண்டாம். இந்த நேரத்தில் செய்கிற வேலை இல்லை இது.


பென்குவின் · சனி, இரவு 11:15

ஏன் இவ்வளவு சிரமம்? லினக்ஸ் மின்ட் போடுங்கள். டிபிஎம்மும் கேட்காது, கணக்கும் திறக்கச் சொல்லாது.


அச்சகத்தம்மா · சனி, இரவு 11:20

நாங்கள் அட்டை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 அதில் ஓடுமா தம்பி?


பென்குவின் · சனி, இரவு 11:31

ம். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் 'ஒயின்' கருவியில் ஓட்டிப் பார்க்கலாம்... சரி, பதினோரு வருட அட்டைக் கோப்புகளுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். வாபஸ்.


பிறைவாசி · ஞாயிறு, காலை 7:40

அவசரம் இல்லாதவர்களுக்காக ஒன்று. 11க்கு உடனே போயே ஆக வேண்டும் என்று இல்லை. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் இருப்பவர்கள் இஎஸ்யூ என்ற ஆதரவு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் காசில்லை. வேண்டாம் என்றால் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000, அல்லது 30 அமெரிக்க டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். தை மாத வேலையை முடித்துவிட்டுச் சாவகாசமாக மாறுங்கள் அக்கா. ஆறு வீட்டுக் கல்யாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணினியைத் திறக்கலாமா?


அச்சகத்தம்மா · ஞாயிறு, காலை 8:15

நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் ஆறில் நான்கு நேற்றே அச்சுக்குப் போய்விட்டது. மிச்சம் இரண்டுக்கும் வீட்டார் இன்னும் மண்டபமே பேசி முடிக்கவில்லை. அதுவும் இன்று கடை அடைப்பு. இன்று விட்டால் தைப்பூசம் முடிகிற வரைக்கும் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தம்பி, ஆரம்பிப்போமா?


ஜெலுத்தோங்காரன் · ஞாயிறு, காலை 8:58

சரி அக்கா. முதலில் சோதனை மட்டும். தேடலில் சிஎம்டி என்று தட்டி, வலது பக்கம் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து, எம்பிஆர்2ஜிபிடி, ஓர் இடைவெளி, சாய்கோடு வேலிடேட், இன்னோர் இடைவெளி, சாய்கோடு அலோஃபுல்ஓஎஸ். எல்லாம் ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு வார்த்தைக்குள்ளும் இடம் விடாமல். இது எதையும் மாற்றாது, மாற்ற முடியுமா என்று மட்டும் பார்க்கும்.


அச்சகத்தம்மா · ஞாயிறு, காலை 9:20

தோல்வி. வட்டின் அமைப்பு இந்த மாற்றத்துக்குச் சரிப்படாது என்கிறது. படம் போட்டிருக்கிறேன்.


ஜெலுத்தோங்காரன் · ஞாயிறு, காலை 9:26

தொடக்கப் பொத்தானில் வலது கிளிக், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'. கீழே வட்டு நீளமாகப் படுத்த மாதிரி தெரியும். டி டிரைவைச் சுற்றி என்ன நிறத்தில் கோடு இருக்கிறது?


அச்சகத்தம்மா · ஞாயிறு, காலை 9:31

பச்சை. சட்டம் போட்ட மாதிரி. சி டிரைவுக்கு அப்படி இல்லை.


ஜெலுத்தோங்காரன் · ஞாயிறு, காலை 9:50

அதுதான் காரணம். அந்தப் பச்சைச் சட்டம் 'எக்ஸ்டென்டட்' பகுதி, அதற்குள் இருக்கும் டி ஒரு 'லாஜிக்கல்' டிரைவ். நான்கு வரி அட்டவணையில் இடம் போதாமல் போகும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் பிரித்தோம். நானே எத்தனை வீட்டில் செய்திருக்கிறேன். எம்பிஆர்2ஜிபிடி இதை ஏற்காது. மூன்று முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டென்டட் அறவே கூடாது.

ஆகவே டி டிரைவில் இருப்பதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, டியையும் பச்சைச் சட்டத்தையும் நீக்க வேண்டும். மாற்றம் முடிந்த பிறகு அதே இடத்தில் புதிதாக டி செய்து கோப்புகளைத் திரும்பப் போட வேண்டும்.

டியில் எவ்வளவு இருக்கிறது?


அச்சகத்தம்மா · ஞாயிறு, காலை 9:58

186 ஜிபி. விரலியில் (பென் டிரைவில்) அடங்காது இல்லையா? கொம்தார் பக்கம் போய் 1 டிபி வெளிவட்டு வாங்கி வருகிறேன். எப்படியும் வாங்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். (வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார், இருநூற்று ஐம்பது ரிங்கிட்டை எடுத்துக் கொடுத்தார்.)


ஃபார்மட்_ராஜா · ஞாயிறு, காலை 10:30

பார்த்தீர்களா, டியை எப்படியும் அழிக்கத்தானே வேண்டியிருக்கிறது. அதோடு சியையும் அழித்துவிட்டால் மதியத்துக்குள் முடிந்திருக்கும்.


ஓய்வாசிரியை · ஞாயிறு, காலை 11:02

ராஜா தம்பி, சியை அழித்தால் அந்த அம்மாவின் எழுத்துருக்கள் எங்கே போகும்?

அச்சகத்தம்மாவுக்கு என் வணக்கம். நான் ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன், தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம். பள்ளி ஆண்டு மலர் வேலையை நான்தான் பார்த்தேன், இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். பேஜ்மேக்கரில் நாம் அடிப்பது இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடு இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை ஒழுங்குபடுத்தினார்களே, அந்தக் காலத்து எழுத்துருக்கள். அதற்கும் முன்னாலேயே நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிவிட்டார். அந்தத் தலைமுறை எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் 'திருமண அழைப்பிதழ்' என்று அடித்தது மேலே புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும், ஒரு வரி படிக்க முடியாது. 2018இல் ஒரு புதுக் கணினியில் எங்கள் ஆண்டு மலரைத் திறந்து பார்த்துவிட்டு நான் அழாத குறை.

எழுத்துருக்கள் இரண்டு இடத்தில் இருக்கும், இரண்டையும் எடுங்கள். ஒன்று விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ். அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று உங்கள் பெயரில் இருக்கும் அடைவுக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று ஆழத்தில் கிடக்கும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்புக்குப் பிறகு, இரட்டைக் கிளிக் செய்து சாதாரணமாகப் போட்ட எழுத்துருக்கள் பல அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஆப்டேட்டா மறைந்திருக்கும், 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தட்டினால் தெரியும்.


அச்சகத்தம்மா · ஞாயிறு, மதியம் 1:12

டீச்சர், அந்த இரண்டாவது இடத்தில் 43 எழுத்துரு இருந்தது!! அதில்தான் தலைப்புக்குப் போடும் அலங்கார எழுத்து எல்லாம். சொல்லாமல் விட்டிருந்தால் போயிருக்கும். நன்றி டீச்சர்.

வெளிவட்டு வந்துவிட்டது. நகல் ஓடுகிறது. இரண்டு மணி நேரம் என்கிறது, அப்புறம் நாற்பது நிமிடம் என்கிறது, அப்புறம் மூன்று மணி நேரம் என்கிறது.


ஜெலுத்தோங்காரன் · ஞாயிறு, மதியம் 1:20

அது அப்படித்தான் உளறும். முடிந்ததும் இரண்டு பக்கமும் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். வெளிவட்டிலிருந்தே பழைய அட்டை நான்கைத் திறந்தும் பாருங்கள். அதுவரை டியைத் தொடக் கூடாது.


பிறைவாசி · ஞாயிறு, மதியம் 2:05

பயாஸில் கை வைக்கப் போகிறவர்களுக்கு என் சொந்தக் கதை ஒன்று. போன வருடம் என் மடிக்கணினியில் பயாஸை மாற்றி மறுபடி போட்டால் நீலத் திரை, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. வட்டை மறையாக்கிப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. நல்ல வேளை, எண் என் மைக்ரோசாப்ட் கணக்கில் இருந்தது. கைப்பேசியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு 48 இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன், அதுவும் இரண்டு தடவை. முதல் தடவை 6க்குப் பதில் 9. எனவே அக்கா, முதலில் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

புதிதாக 11 போடுகிறவர்களும் கவனியுங்கள். 24எச்2 பதிப்பிலிருந்து, சுத்தமாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கணினிகளில் மறையாக்கம் தானாகவே தொடங்கிவிடும்.


அச்சகத்தம்மா · ஞாயிறு, மாலை 4:48

பிட்லாக்கர் இல்லை. நகல் முடிந்தது, எண்ணிக்கை இரண்டு பக்கமும் 61,204. முதல் முதலாகச் செய்த அட்டையைத் திறந்தேன். என் நாத்தனார் மகள் கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

டியை நீக்கிவிட்டேன், பச்சைச் சட்டத்தையும் நீக்கிவிட்டேன். இப்போது கறுப்புக் கோடு போட்ட வெற்றிடம். பார்க்கவே வயிற்றைக் கலக்குகிறது.


ஜெலுத்தோங்காரன் · ஞாயிறு, மாலை 4:55

வெளிவட்டைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மறுபடி அதே சோதனைக் கட்டளை. வெற்றி என்று வந்தால், வேலிடேட் என்ற இடத்தில் கன்வெர்ட் என்று போட்டு ஓட்டுங்கள். யூபிஎஸ் இருக்கிறதா? வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது.


அச்சகத்தம்மா · ஞாயிறு, மாலை 5:17

யூபிஎஸ் இருக்கிறது. சோதனை வெற்றி. கன்வெர்ட்டும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை! ஆனால் கடைசியில் ரீஏஜென்ட் கோப்பை மாற்ற முடியவில்லை என்று ஒரு வரி, ஃபர்ம்வேரை யூஇஎஃப்ஐக்கு மாற்றச் சொல்லி ஒரு வரி. பயமாக இருக்கிறது.


ஜெலுத்தோங்காரன் · ஞாயிறு, மாலை 5:22

இரண்டாவது வரிதான் நமக்கு வேண்டியது. முதலாவது மீட்புக் கருவியைப் பற்றியது. அதே கறுப்புத் திரையில் ரீஏஜென்ட்சி சாய்கோடு டிஸேபிள், பிறகு ரீஏஜென்ட்சி சாய்கோடு எனேபிள் என்று ஓட்டினால் சரியாகிவிடும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பயாஸ். சிஎஸ்எம்மை அணையுங்கள், 'செக்யூர் பூட்' என்பதை 'எனேபிள்டு' ஆக்குங்கள், பிடிடியையும் 'எனேபிள்டு' ஆக்குங்கள். சேமித்து வெளியே வாருங்கள்.


அச்சகத்தம்மா · ஞாயிறு, மாலை 5:41

நேற்று எழாத அதே கணினி இன்று எழுந்து நிற்கிறது. பயாஸ் மோடு 'யூஇஎஃப்ஐ'. சோதிக்கும் செயலியில் எல்லாமே பச்சை. 11ஐ இறக்க ஆரம்பித்துவிட்டேன்.


அச்சகத்தம்மா · ஞாயிறு, இரவு 9:36

தம்பி, மறுபடி மண். நூறு சதவீதம் வரை போனது, தானாக அணைந்து எழுந்தது, வட்டம் சுற்றியது, பிறகு மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம் என்று சொல்லி விண்டோஸ் 10க்கே வந்துவிட்டது. எண்: சி1900101 – 20017. சேஃப் ஓஎஸ் கட்டத்தில் பூட் ஆகும்போது தோல்வி என்று எழுதியிருக்கிறது.

ஒரு நல்லது, எதுவும் கெடவில்லை. அதையாவது சொல்லிக்கொள்கிறேன்.


ஜெலுத்தோங்காரன் · ஞாயிறு, இரவு 9:49

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர், அதாவது கருவிகளை இயக்கும் மென்பொருள், செய்யும் தகராறு. 20017இல் முதல் இலக்கம் எந்தக் கட்டம் என்று சொல்கிறது. 1 என்றால் பழைய விண்டோஸுக்குள் இருக்கும்போதே, 2 என்றால் நடுவில் ஒரு குட்டி விண்டோஸ் எழும்பி வேலை செய்யும் கட்டம், 3 முதல் பூட், 4 இரண்டாம் பூட். உங்களுக்கு அந்தக் குட்டி விண்டோஸ் எழும்பும்போதே ஏதோ குறுக்கே விழுந்திருக்கிறது.

விண்டோஸ் அடைவில் லாக்ஸ், அதற்குள் செட்டப்டயாக். அங்கே இருக்கும் முடிவுக் கோப்பைப் படம் பிடித்துப் போடுங்கள். அப்புறம், கணினியில் விசைப்பலகை, எலி தவிர என்னென்ன செருகியிருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லுங்கள், பின்பக்கமும் பாருங்கள்.


அச்சகத்தம்மா · ஞாயிறு, இரவு 10:03

லேசர் பிரிண்டர், ஸ்கேனர், மெமரி கார்டு போடும் பெட்டி, ஒரு விரலி. பின்னால் பச்சை நிறத்தில் கட்டைவிரல் நீளம் ஒன்று, பழைய எழுத்துக்கோப்பு மென்பொருளோடு வந்தது. அதைச் செருகாவிட்டால் அந்த மென்பொருள் திறக்காது. அந்த மென்பொருளை நாங்கள் ஐந்து வருடமாகத் திறக்கவே இல்லை.


ஃபார்மட்_ராஜா · ஞாயிறு, இரவு 10:10

டாங்கில்! அதுதான். அதைக் கழற்றினால் மட்டும் போதாது, அதன் டிரைவர் விண்டோஸ் தொடங்கும்போதே உள்ளே போய் உட்காரும். இந்த மாதிரி பழைய டாங்கில் டிரைவரால் நின்ற அச்சகக் கணினி மூன்று பார்த்திருக்கிறேன். 'ஆப்ஸ்' பட்டியலில் அந்த மென்பொருளை நீக்குங்கள், கூடவே பாதுகாப்புப் பூட்டு டிரைவர் என்ற மாதிரி தனியாக ஒன்று இருக்கும், அதையும் நீக்குங்கள். 'டிவைஸ் மேனேஜரில்' வியூ, 'ஷோ ஹிடன் டிவைசஸ்' போட்டுப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அதையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.

(ஃபார்மட் செய்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.)


ஜெலுத்தோங்காரன் · ஞாயிறு, இரவு 10:14

ராஜா அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள் அக்கா. எனக்கு இது தோன்றியிருக்காது.


அச்சகத்தம்மா · திங்கள், அதிகாலை 1:38

விண்டோஸ் 11.

இரண்டையும் நீக்கினேன், சாம்பல் நிறத்தில் இருந்ததையும் நீக்கினேன், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். வட்டம் சுற்றிய இடத்தில் இந்தத் தடவை நிற்கவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கோப்பை தே ஓ குடித்தார். எழுத்துருக்கள் அப்படியே இருக்கின்றன. டி டிரைவை நாளைக்குச் செய்கிறேன். ராஜா தம்பிக்கும் ஜெலுத்தோங்குத் தம்பிக்கும் ஒரு நாசி கண்டார் சாப்பாடு கடன்.


அச்சகத்தம்மா · திங்கள், காலை 10:20

சந்தோஷம் எட்டு மணி நேரம்தான். பேஜ்மேக்கரில் எந்த அட்டையைத் திறந்தாலும் கேள்விக்குறியும் கட்டமும். டீச்சர் சொன்ன ஐரோப்பிய எழுத்துகூட இல்லை. எழுத்துரு பட்டியலில் எல்லாம் இருக்கிறது. வாசலில் வாடிக்கையாளர் நிற்கிறார்.


ஓய்வாசிரியை · திங்கள், காலை 10:34

அம்மா, இன்று காலை மொழி அமைப்பில் எதையாவது மாற்றினீர்களா?


அச்சகத்தம்மா · திங்கள், காலை 10:37

தமிழ் நன்றாகத் தெரியட்டும் என்று, 'யூனிகோடு யூடிஎஃப்-8' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் சரிக்குறி போட்டேன். யூனிகோடு என்றால் நல்லதுதானே?


ஓய்வாசிரியை · திங்கள், காலை 10:45

நல்லதுதான், உங்கள் பேஜ்மேக்கருக்கு மட்டும் இல்லை. அந்தப் பழைய எழுத்துருக்கள் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று நம்பி வாழ்பவை. ஒரு பைட்டில் 256 இடம். உங்களுடையது டாப் என்றால் முதல் பாதியில் ஆங்கிலம், மேல் பாதியில் நம் தமிழ். நீங்கள் குறி போட்ட அந்தக் கட்டம், பழைய மென்பொருள்களையும் யூடிஎஃப்-8 ஆகப் படிக்கச் சொல்கிறது. யூடிஎஃப்-8இல் அந்த மேல் பாதிப் பைட்டுகள் தனியாக நின்றால் அர்த்தமே கிடையாது. அதனால்தான் கேள்விக்குறி.

குறியை எடுத்துவிட்டு, கணினியை அணைத்துப் போடுங்கள். கேள்விக்குறியோடு இருக்கும் எந்தக் கோப்பையும் சேமித்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.


அச்சகத்தம்மா · திங்கள், காலை 11:02

வந்துவிட்டது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தாய்மாமன் பெயர் எல்லாம். இரண்டு கோப்பைத்தான் திறந்தேன், எதையும் சேமிக்கவில்லை, தெய்வாதீனம். வாடிக்கையாளருக்குக் குளிர்பானம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

வேர்டில் அடித்த ரசீது மட்டும் கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது டீச்சர்.


ஓய்வாசிரியை · திங்கள், காலை 11:10

அது லதா எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். விண்டோஸ் 10 வந்ததிலிருந்தே லதாவும் விஜயாவும் கேட்டால்தான் வரும், இயல்பாக இருப்பது நிர்மலா மட்டும். 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பக்கத்தில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று ஒன்று இருக்கும், அதைச் சேருங்கள்.


ஜெலுத்தோங்காரன் · திங்கள், மதியம் 12:40

டி டிரைவைத் திரும்பச் செய்ததும் வெளிவட்டில் இருப்பதை அழித்துவிடாதீர்கள் அக்கா, அது அப்படியே இருக்கட்டும். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் 10க்குத் திரும்ப பத்து நாள் அவகாசம் இருக்கிறது. 'விண்டோஸ்.ஓல்டு' என்ற அடைவை அதுவரை விட்டுவையுங்கள். நாசி கண்டார் சனிக்கிழமை எனக்கு வசதி.


ஃபார்மட்_ராஜா · திங்கள், மதியம் 12:52

எனக்கும்.


சுங்கைநிபோங்_மாணவி · செவ்வாய், இரவு 8:30

அண்ணா, இந்த இழை முழுக்கப் படித்தேன். என் அப்பாவின் கணினியிலும் டியைச் சுற்றிப் பச்சைச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதற்குள் டி, ஈ, எஃப் என்று மூன்று. வெளிவட்டு இல்லை. ஈயில் இருப்பதை சி டிரைவுக்கு மாற்றினால் போதுமா?


ஜெலுத்தோங்காரன் · செவ்வாய், இரவு 8:44

போதாது தங்கச்சி, மூன்றுமே காலியாக வேண்டும். புது இழை தொடங்கி டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தைப் போடு. எதையும் நீக்காதே, நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.